79 சதுர மீட்டர் குடியரசு

1990ஆம் ஆண்டுக் கோடை. கிழக்கு பெர்லினில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஓர் இளைஞன் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறான். பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர், நம் பிள்ளைகளின் நிலைமை இந்த அளவுக்கு வந்துவிட்டதே என்று நொந்துகொள்கிறார். பையனுக்குப் பசியில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு காலி ஜாடி. அதுவும் ஸ்ப்ரேவால்ட் வெள்ளரிக்காய் ஊறுகாயின் பழைய லேபிள் ஒட்டிய ஜாடி. கடைகளில் இப்போது கிடைப்பது ஹாலந்துச் சரக்கு. அதை வாங்கி, கழுவிய பழைய ஜாடிக்கு மாற்றி, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவிடம் கொண்டுபோக வேண்டும். நாடு மாறிவிட்டது என்று ஊறுகாய் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

வோல்ஃப்காங் பெக்கர் இயக்கி, 2003 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘குட் பை, லெனின்!’ படத்தின் கதை இந்த ஜாடிக்குள் அடங்கிவிடும். 1989 அக்டோபர் 7, ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின், அதாவது கிழக்கு ஜெர்மனியின், நாற்பதாவது ஆண்டு நிறைவு நாள். விழாவுக்குக் கிளம்பிப் போகிற கிறிஸ்டியானே கெர்னர், வழியில் ஆர்ப்பாட்டக்காரர்களைப் போலீஸ் அடித்து இழுத்துப் போவதைப் பார்க்கிறார். இழுபடுகிறவர்களில் ஒருவன் அவருடைய மகன் அலெக்ஸ். மாரடைப்பு வந்து அங்கேயே விழுகிறார். எட்டு மாதம் கோமா. அதற்குள் நாட்டின் தலைவர் ஹோனேக்கர் பதவியை விட்டு இறங்குகிறார், பெர்லின் சுவர் திறக்கிறது, சுதந்திரமான தேர்தல் நடக்கிறது, தெருமுனைக்கு பர்கர் கடை வருகிறது. ஜூன் மாதம் அவர் கண் விழிக்கும்போது, சின்ன அதிர்ச்சிகூட உயிருக்கு ஆபத்து என்கிறார் டாக்டர். கட்சியையும் நாட்டையும் மனதார நம்பிய ஒருவரிடம் (பிள்ளைகள் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்) அந்த நாடே போய்க்கொண்டிருக்கிறது என்று யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை. 79 சதுர மீட்டர் ஃபிளாட் ஒன்றுக்குள் கிழக்கு ஜெர்மனி தொடர்ந்து நடைபெறுகிறது.

ஜெர்மனியில் மட்டும் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தியேட்டரில் பார்த்த படம் இது. அந்த ஆண்டின் சிறந்த ஐரோப்பியப் படத்துக்கான விருதும் கிடைத்தது. கூடவே ஒரு முத்திரையும் விழுந்தது: போன ஆட்சியை நினைத்து ஏங்கும் படம் என்று. முத்திரை குத்துவது சுலபம். ஆனால் பார்வையாளர்கள் எந்தெந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று கவனித்தால் விஷயம் வேறு திசையில் போகிறது. அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கி அடிவாங்கிய பையன், வீட்டுக்குள் தானே அரசாங்கமாகிவிடுகிறான். படத்தின் வேடிக்கை முழுவதும் அதில்தான் இருக்கிறது. சரயேவோ, புக்கரெஸ்ட், பிராக் என்று மற்ற சோஷலிச நாடுகளின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி வந்த நல்ல நகைச்சுவைப் படங்களையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் அதே குணம் தெரியும். தலைவர்களையும் கோஷங்களையும் கிண்டல் செய்வது அவற்றில் மேலோட்டமான வேலை. அரசின் பழக்கங்கள் சமையலறை வரைக்கும் வந்து, மறைப்பது, பங்கிடுவது, காட்டிக்கொடுப்பது, கதை கட்டுவது எல்லாம் வீட்டு வேலைகளாகிப் போன நிலையைத்தான் அவை நோண்டிப் பார்க்கின்றன.

அலெக்ஸின் அரசாங்கத்தில் எல்லா இலாகாவும் உண்டு. உணவு வழங்கல் அவன் கையில்: மோக்கா ஃபிக்ஸ் காபி, ஃபிலின்ஷென் ரொட்டி என்று அம்மா கேட்கிற எதுவும் கடையில் இல்லை, பழைய டப்பாக்களில் புதிய சரக்கு நிரப்பப்படுகிறது. தூக்கி எறிந்த பழைய நாற்காலி மேசைகளும் திரைச்சீலைகளும் அம்மாவின் அறைக்குத் திரும்பி வருகின்றன. அக்கா அரியானே பொருளாதாரப் படிப்பை விட்டுவிட்டு பர்கர் கிங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அம்மா முன்னால் மட்டும் பழைய உடுப்பில் வந்து நிற்க வேண்டும், அவளுக்கு அதில் எரிச்சல். அவளுடைய மேற்கத்திய காதலன் ரைனர் கிழக்கத்தியனாக நடிக்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் பிறந்தநாளுக்கு இரண்டு சிறுவர்கள் அரசின் சிறுவர் அமைப்பான முன்னோடிகள் இயக்கத்தின் கழுத்துத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்து பாடுகிறார்கள், கூலி பேசி. வருகிற விருந்தினர்களுக்கு எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று முன்கூட்டியே பாடம் எடுக்கப்படுகிறது. தணிக்கைத் துறை இல்லாத அரசு உண்டா?

செய்தித்துறைதான் இவற்றில் சிகரம். கிழக்கு ஜெர்மனியின் அரசுத் தொலைக்காட்சிச் செய்தி, ‘அக்டுவெல்லே கேமரா’, மாலை 7.30க்கு வரும். பெரும்பாலான வீடுகளில் அதற்கு அரை மணி கழித்து, எட்டு மணிக்கு, மேற்கு ஜெர்மனியின் செய்தியையும் பார்த்துவிடுவார்கள். அலைவரிசை எட்டாத டிரெஸ்டன் பகுதியை விவரம் அறியாதோர் பள்ளத்தாக்கு என்று கேலி செய்யும் வழக்கம்கூட இருந்தது. ஆக, ஒரு சராசரிக் குடும்பம் தினமும் இரண்டு உலகங்களைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எந்த உலகத்தைப் பற்றிப் பேசலாம் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். இந்தப் பயிற்சியைத்தான் அலெக்ஸ் பயன்படுத்திக்கொள்கிறான். சாட்டிலைட் டிஷ் பொருத்தும் வேலையில் அவனோடு ஜோடி சேர்ந்த டெனிஸ், மேற்கு பெர்லின்காரன், திரைப்பட இயக்குநர் குப்ரிக் மாதிரி ஆக வேண்டும் என்று கனவு காண்பவன். வீட்டுக்குள்ளேயே ஸ்டூடியோ. டெனிஸ் கோட்டு மாட்டிக்கொண்டு செய்தி வாசிக்கிறான். அம்மாவின் அறைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்து அறை வீடியோ பிளேயரிலிருந்து வயர் போகிறது.

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் கோகோ கோலா விளம்பரத் துணி விரிந்து தொங்குவதை அம்மா பார்த்துவிட்டார் என்றால், அன்றிரவு செய்தியில் விளக்கம் வந்துவிடும்: அந்த பானத்தின் சூத்திரம் ஐம்பதுகளில் கிழக்கு ஜெர்மனியில் கண்டுபிடித்ததுதான், நெடுநாள் வழக்குக்குப் பிறகு உண்மை வென்றது. ஒருநாள் அம்மா தானாக எழுந்து தெருவுக்கே போய்விடுகிறார்; குடியிருப்புக்குள் மேற்கத்தியர்கள் குடிவருகிறார்கள், மேற்கத்திய கார்கள் நிற்கின்றன. அதற்கும் செய்தி தயார். வேலையில்லாத் திண்டாட்டத்தாலும் போட்டி வாழ்க்கையாலும் களைத்துப்போன மேற்கு ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கில் கிழக்குக்கு அகதிகளாக வருகிறார்கள். பெருந்தன்மையோடு எல்லையைத் திறந்துவிட்டார் ஹோனேக்கர். சுவரின் மேல் ஜனங்கள் ஏறி நிற்கும் 1989 நவம்பர் காட்சி அப்படியே ஓடுகிறது, ஓடும் திசை மட்டும் தலைகீழ். இதைக் கேட்ட அம்மாவின் முதல் யோசனை, அந்தப் பாவப்பட்ட ஜனங்களுக்கு நம்முடைய தோட்டவீட்டைக் கொடுக்கலாமா என்பது. பொய் சொன்ன அரசாங்கம் அசந்துபோய் நிற்கிறது. குடிமகள் அதைவிட நல்லவளாக இருந்துவிட்டாள்.

அம்மா ஏமாளி என்று நினைத்தால் படம் பாதிதான் புரியும். அவர் ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிறவர். அளவு பொருந்தாத துணி, சரியில்லாத சரக்கு என்று அக்கம்பக்கத்தார் வந்து சொல்லச் சொல்ல, மரியாதையும் நையாண்டியும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்த வாசகங்களைக் கட்டித் தருவார். இது திரைக்கதைக்காரர்களின் கற்பனை இல்லை. கிழக்கு ஜெர்மனியில் 1975இல் மனுச் சட்டம் என்றே ஒன்று வந்தது. மனுவைப் பெற்ற அலுவலகம் நான்கு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் பல லட்சம் மனுக்கள் போயின. வீடு ஒழுகுகிறது, கார் வரவில்லை, குழந்தைக்குச் செருப்பு கிடைக்கவில்லை என்பவை. தேர்தலில் ஓட்டுப் போட வரமாட்டோம் என்று கடைசி வரியில் ஒரு மிரட்டலையும் சேர்ப்பார்கள். ஏறக்குறைய நூறு சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதாகக் காட்டியாக வேண்டிய அதிகாரிகளுக்கு அது உண்மையிலேயே தலைவலி. சோஷலிசத்தின் பெயரைச் சொல்லியே சோஷலிச அரசை மடக்குகிற இந்தக் கலையில் வீட்டுப் பெண்கள் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள்.

காபி விஷயத்தில் இந்தக் கெட்டிக்காரத்தனம் உச்சத்துக்குப் போயிருக்கிறது. பிரேசிலில் உறைபனி காபிப் பயிரை அழித்ததால் உலகச் சந்தையில் விலை எகிற, டாலர் கையிருப்பு இல்லாத கிழக்கு ஜெர்மன் அரசு 1977இல் ஒரு கலப்புக் காபியை இறக்கியது. அதில் காபி 51 சதவீதம். மிச்சம் சிக்கரியும் தானியமும் பிறவும். குடித்தவர்கள் கொதித்தார்கள். மேற்கில் புகழ்பெற்ற ஒரு காபியின் பெயரோடு ஹோனேக்கரின் பெயரைச் சேர்த்து அதற்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. கடைசியில் அந்தக் கலவையை அரசு கைவிட வேண்டியதாயிற்று. வியட்நாமில் காபித் தோட்டங்கள் போட உதவி செய்யும் திட்டத்துக்குப் பின்னால் இந்த அனுபவமும் இருந்தது; அந்தக் காபி பெருமளவில் விளைந்து வருவதற்குள் வாங்க வேண்டிய நாடு இல்லாமல் போய்விட்டது. சுவரை அசைக்க முடியாத குடும்பங்கள் காபிப் பொடியை மாற்ற வைத்திருக்கின்றன. மோக்கா ஃபிக்ஸ் டப்பாவுக்காக அலெக்ஸ் அலைவதற்குப் பின்னால் இத்தனை கதை.

படத்தின் முதுகெலும்பு இன்னும் உள்ளே இருக்கிறது. 1978 ஆகஸ்ட் 26. சிக்முண்ட் யேன் என்ற கிழக்கு ஜெர்மானியர் சோயூஸ் 31இல் விண்வெளிக்குப் போகிறார். விண்வெளிக்குப் போன முதல் ஜெர்மானியர் அவரே. சிறுவன் அலெக்ஸ் தொலைக்காட்சிமுன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்க, அதே வீட்டில் உளவுத்துறைக்காரர்கள் அம்மாவைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். மேற்குக்குப் போன அப்பா திரும்பவில்லை. யாரோ ஒருத்தியோடு போய்விட்டார் என்று பிள்ளைகள் நம்ப வைக்கப்படுகிறார்கள். அம்மா வாரக்கணக்கில் பேச்சற்றுக் கிடந்து, பிறகு எழுந்து, சோஷலிசத் தாய்நாட்டையே கட்டிக்கொண்டவர்போல் ஆகிவிடுகிறார். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தோட்டவீட்டில் வைத்து அவரே உண்மையைச் சொல்கிறார். இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. பிள்ளைகளோடு பின்னால் வருவதாக இவர் ஒப்புக்கொண்டிருந்தார். வெளியேறும் அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் பிள்ளைகளைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் நின்றுவிட்டார். அப்பா எழுதிய கடிதங்கள் எல்லாம் சமையலறை அலமாரிக்குப் பின்னால்.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. வெளியேற விண்ணப்பித்தவர்கள் வேலையை இழப்பதும், விசாரணைக்கு இழுபடுவதும், பிள்ளைகளின் மேற்படிப்பு தடைபடுவதும் அந்த நாட்டில் அன்றாடம். எனவே அலெக்ஸின் பொய் முதல் பொய் அல்ல. அவன் தாயிடமிருந்து தொழிலைக் கற்றுக்கொண்டவன். தாய், அரசிடமிருந்து. அன்புக்காகச் சொன்ன பொய்யும் பயத்துக்காகச் சொன்ன பொய்யும் ஒரே தறியில் நெய்தவை என்பதைப் படம் எந்தப் பிரசங்கமும் செய்யாமல் காட்டிவிடுகிறது. அப்பா இத்தனை காலம் பக்கத்திலேயே, மேற்கு பெர்லினில்தான் இருந்திருக்கிறார். அரியானே அவரைக் கண்டுபிடிக்கும் இடம் பர்கர் கிங்கின் கார் ஜன்னல்: ஆர்டர் கொடுக்கும் குரலை அடையாளம் தெரிந்துகொள்கிறாள், அவளால் சொல்ல முடிந்தது, தங்கள் கடையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்ற கடை வாசகம் மட்டும். புதிய அமைப்பும் தன் மனப்பாட வாசகத்தோடுதான் வந்து நிற்கிறது.

இதே விஷயத்தை இன்னும் கடுமையாகச் சொன்ன படம் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. எமிர் குஸ்துரிக்காவின் ‘அப்பா அலுவல் பயணத்தில் இருந்தபோது’, 1985இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. நடுவர் குழுவின் தலைவர் மிலோஷ் ஃபோர்மன். செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு வெளியேறிய அவருக்கு இந்தச் சிரிப்பின் விலை தெரிந்திருக்கும். 1948 ஜூனில் யூகோஸ்லாவியாவின் டிட்டோவுக்கும் ஸ்டாலினுக்கும் முறிவு ஏற்பட்டது. நேற்றுவரை ஸ்டாலின் படத்துக்குக் கைதட்டியவர்கள் இன்று தட்டினால் சிறை. சரயேவோவில் மேஷா என்பவன் பத்திரிகையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்தைப் பார்க்கிறான்: கார்ல் மார்க்ஸ் உட்கார்ந்து எழுதுகிறார், அவர் தலைக்கு மேலே சுவரில் ஸ்டாலின் படம். இது கொஞ்சம் அதிகம்தான் என்று ரயிலில் தன் காதலியிடம் சொல்லிவிடுகிறான். காதலி அதை மேஷாவின் மைத்துனனிடம் சொல்கிறாள். மைத்துனன் பாதுகாப்புத்துறை அதிகாரி. மேஷா போய்ச் சேரும் இடம் சுரங்க வேலை. ஆறு வயது மகன் மாலிக்கிடம் சொல்லப்படும் காரணம், அப்பா அலுவல் விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்.

மேஷாவைத் தியாகி ஆக்காமல் விட்டதுதான் இந்தப் படத்தின் பலம். அவன் பெண் பித்தன், வீட்டில் கோபக்காரன். அரசியல் எதிர்ப்பாளன் என்று சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை. அவனை உள்ளே தள்ளியது கொள்கைப் போராட்டமா, படுக்கையறைப் பொறாமையா என்று பிரித்தெடுக்க முடியாது. வீட்டுச் சண்டைக்கு அரசின் ஆயுதம் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதே கதை. திரைக்கதை எழுதிய அப்துல்லா சித்ரானின் தந்தை, டிட்டோ அரசு ஸ்டாலின் ஆதரவாளர்களை அடைத்துவைத்த கோலி ஓட்டோக் தீவுச் சிறையில் இருந்தவர். இப்படி ஒரு படத்தை எடுக்க டிட்டோ 1980இல் இறந்து சில ஆண்டுகளாவது ஆக வேண்டியிருந்தது. படம் முடிவது 1952 ஜூலை 22இல், ஒரு கல்யாண வீட்டில். வானொலியில் ஒலிம்பிக் கால்பந்து வர்ணனை: யூகோஸ்லாவியாவும் சோவியத் யூனியனும். இரண்டு நாள் முன்பு 5-5 என்று சமனான ஆட்டத்தின் மறு ஆட்டம் அது. யூகோஸ்லாவியா 3-1 என்று ஜெயித்தது. நாடு ஸ்டாலினைத் தோற்கடித்துக் கொண்டாடும் அதே நேரத்தில், காட்டிக்கொடுத்தவனும் காட்டிக்கொடுக்கப்பட்டவனும் ஒரே பந்தியில். சொந்தக்காரர்கள் ஆயிற்றே, எங்கே போவார்கள்?

பன்றி இல்லாமல் இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதக் கூடாது. ஹங்கேரியின் பீட்டர் பச்சோ 1969இல் எடுத்த ‘சாட்சி’ படத்தில், ஆற்றங்கரைக் காவலாளி பெலிக்கான் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சட்டத்துக்குத் தெரியாமல் நிலவறையில் பன்றி அறுக்கிறான். அவனுடைய வாழ்க்கை முழுவதும் குட்டிச்சுவராவது அந்தப் பன்றியால். (அந்தப் படத்தைப் பத்தாண்டு பூட்டிவைத்து 1979இல்தான் வெளியே விட்டார்கள்.) கிறிஸ்டியான் முன்ஜியு எழுதி, ஐந்து பேர் இயக்கி 2009இல் வந்த ருமேனியப் படமான ‘பொற்காலக் கதைகள்’ எண்பதுகளில் நடக்கிறது. வெளிநாட்டுக் கடனை அடைத்தே தீருவது என்று அதிபர் சௌஷெஸ்கு உணவை எல்லாம் ஏற்றுமதிக்கு அனுப்பிய காலம். கறியும் முட்டையும் ரேஷனில். ஒரு போலீஸ்காரருக்குக் கிறிஸ்துமஸுக்காகப் பன்றி வருகிறது, ஆனால் உயிரோடு. குடியிருப்பதோ அடுக்குமாடி. அறுத்தால் சத்தம் கேட்கும். கேட்டால் அக்கம்பக்கம் பங்குக்கு வந்துவிடும். குடும்பம் கூடி ஆலோசித்து, சமையல் எரிவாயுவைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் கொல்கிறது. பிறகு தோலின் மயிரைப் பொசுக்க நெருப்பைப் பற்ற வைக்கிறார்கள். பன்றிக்குள் இருந்த வாயுவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மிச்சத்தைப் படிப்பவர்களே ஊகிக்கலாம்.

பிராகில் பன்றி இல்லை. பிளாஸ்டிக் கரண்டி உண்டு. யான் ஹ்ரெபெய்க் 1999இல் இயக்கிய ‘பெலீஷ்கி’, பெத்ர் ஷபாக்கின் எழுத்தைத் தழுவிப் பெத்ர் யார்ஹோவ்ஸ்கி எழுதிய படம். 1967 கிறிஸ்துமஸில் தொடங்கி மறு ஆண்டு ஆகஸ்ட் 21இல் சோவியத் தலைமையிலான டாங்கிகள் வந்து இறங்கும் விடியலில் முடிகிறது. ஒரே கட்டடத்தில் இரண்டு குடும்பங்கள். ஒன்றின் தலைவர் ஷெபெக், கட்சி விசுவாசியான ராணுவ அதிகாரி. நட்பு நாடுகளின் அறிவியல் அதிசயங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி பிள்ளைகள் முன் செய்து காட்டுவது அவருக்குப் பெருமை. கிழக்கு ஜெர்மனியில் தயாரான கரண்டியைச் சூடான காபியில் விட்டுக் கலக்குகிறார். கரண்டி வளைந்து உருகுகிறது. தோழர்கள் எங்கே தவறு செய்தார்கள் என்று அவர் நிஜமான கவலையோடு கேட்கிறார். இன்னொரு வீட்டுத் தலைவர் க்ராவுஸ், இந்த ஆட்சி இன்னும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு என்று கத்திக்கொண்டே இருப்பவர். கொள்கையில் இருவரும் எதிரெதிர்த் துருவம். வீட்டுக்குள்ளே இருவரும் ஒரே மாதிரி சர்வாதிகாரிகள். க்ராவுஸின் கம்யூனிச எதிர்ப்பு அவர் மகளுக்கு ஓர் அங்குலம்கூடச் சுதந்திரம் வாங்கித் தரவில்லை. செக் மக்கள் இந்தப் படத்தைக் கிறிஸ்துமஸ் நாட்களில் தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி பார்க்கிறார்கள். தங்கள் அப்பாக்களையும் தாத்தாக்களையும் அதில் கண்டுகொள்வதால்தான் என்று தோன்றுகிறது.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ‘குட் பை, லெனின்!’ மற்றவற்றைவிட இளகியது. ஆட்சி இருந்தபோதே அடிபட்டவர்கள் எடுத்த படங்களுக்கு உள்ள கசப்பு இதில் குறைவு. பெக்கர் மேற்கு ஜெர்மனியில் பிறந்தவர். 2024 டிசம்பரில் காலமானார். கிழக்கின் உண்மை படத்துக்குள் வருவது பெரும்பாலும் அம்மாவாக நடித்த கத்ரின் சாஸ் மூலமாக. அவர் கிழக்கு ஜெர்மனி சினிமாவில் வளர்ந்தவர். 1982இல் பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி வாங்கியவர். கடைசிப் பொய்ச் செய்தியைப் பார்க்கும்போது அவர் திரையைவிட மகனின் முகத்தையே அதிகம் பார்க்கிறார். அலெக்ஸின் காதலி லாரா ஏற்கெனவே உண்மையைச் சொல்லிவிட்டாள். இப்போது ஏமாற்றப்படுவது மகன்தான், ஏமாற்றுவது அம்மா. ஒரு சொல்கூட இல்லாமல் அதை நடித்துக் காட்டிய நடிகைக்காகவே இந்தப் படத்தின் பல குறைகளை மன்னிக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. 1989இல் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியில் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். பெர்லின் சுவரில் குறைந்தது 140 பேர் செத்திருக்கிறார்கள். படத்தில் உளவுத்துறை என்பது 1978இல் வந்துபோகும் ஓரிரு ஆட்கள், அவ்வளவே. படம் வெளியான 2003லேயே தொலைக்காட்சிகள் கிழக்கின் பழைய நினைவுகளை வைத்து நிகழ்ச்சி மேல் நிகழ்ச்சியாகப் போட்டன. பனிச்சறுக்கு நடன வீராங்கனை காட்டரினா விட்கூட அப்படி ஒன்றைத் தொகுத்து வழங்கினார். டிராபண்ட் காரும் ஊறுகாய் ஜாடியும் அழகுப் பொருள்களாயின. மூன்று ஆண்டு கழித்து ‘மற்றவர்களின் வாழ்க்கை’ வந்து ஒட்டுக்கேட்ட காதுகளைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, பலர் அதைப் பெக்கர் படத்துக்கான பதிலாகவே பார்த்தார்கள். ஆனால் அந்தப் படத்தில் குடும்பம் என்பதே இல்லை என்று சொல்லலாம்; உளவாளி தனிக்கட்டை. ஒரு தாய் எதை மறைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள் என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

இளகிய படம் ஓரிடத்தில் மட்டும் கணக்குப் பார்க்கிறது. 1990 ஜூலை 1 முதல் கிழக்கின் மார்க் செல்லாது; மேற்கின் மார்க் வருகிறது. சேமிப்பில் வயதைப் பொறுத்து 2,000, 4,000 அல்லது 6,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று என்று விகிதம். அம்மா 30,000 மார்க்கை வீட்டுக்குள் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்; எங்கே என்பது நினைவில்லை. நினைவு வரும்போது, பணம் இருந்த மரச்சாமான் மற்ற பழைய சாமான்களோடு தெருவில் கிடக்கிறது. பிள்ளைகள் அதைக் கண்டெடுத்து வங்கிக்கு ஓடும்போது கெடு முடிந்துவிட்டது. வங்கி ஊழியர் விதியைச் சொல்லிக் கைவிரிக்கிறார். நாற்பதாண்டு உழைப்பு, காருக்குப் பதிந்து பத்தாண்டுக்கு மேல் காத்திருந்த காத்திருப்பு, வாங்குவதற்குப் பொருள் இல்லாததால் மிஞ்சிய காசு, எல்லாம் வெறும் தாள். அலெக்ஸ் மொட்டை மாடியிலிருந்து அதைப் பறக்கவிடுகிறான். கிழக்கில் எத்தனையோ பேர் வேலையையும் ஆலையையும் இழந்த அடுத்த சில ஆண்டுகளைப் படம் காட்டவில்லை. இந்தத் தாள்கள் பறக்கும் காட்சி ஓரளவு ஈடு செய்கிறது.

அம்மா தெருவுக்கு வந்த அந்த நாளில் ஹெலிகாப்டர் ஒன்று லெனின் சிலையின் பாதியைக் கட்டித் தூக்கிக்கொண்டு பறக்கிறது. சிலையின் நீட்டிய கை அவரைப் பார்த்து விடைபெறுவதுபோல் இருக்கும். நிஜத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கிழக்கு பெர்லினின் லெனின் சதுக்கத்தில் 1970இல் நிறுவிய சிலை, சோவியத் சிற்பி நிக்கோலாய் தோம்ஸ்கி செய்தது, 19 மீட்டர் உயரம், சிவப்புக் கருங்கல். அதை அகற்றத் தொடங்கியதே 1991 நவம்பரில்தான், படக் காட்சிக்கு ஓராண்டுக்கும் பிறகு. நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து நகரின் தென்கிழக்குக் கோடியில் ஒரு காட்டில் புதைத்து மண்ணைப் போட்டு மூடினார்கள். பெர்லினின் அகற்றப்பட்ட சிலைகளை எல்லாம் ஸ்பாண்டாவ் கோட்டையில் ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்கலாம் என்று பின்னாளில் முடிவானபோது லெனின் தலையைக் கேட்டார்கள். எந்த இடத்தில் புதைத்தோம் என்று துல்லியமாகத் தெரியவில்லை என்றது நகர நிர்வாகம். இடம் தெரியும், நானே ஒருமுறை தோண்டிப் பார்த்திருக்கிறேன் என்று ஓர் ஆவணப்பட இயக்குநர் முன்வந்தார். அதற்குள் அந்த மண்மேட்டில் பாதுகாக்கப்பட்ட இனமான மணல் பல்லிகள் குடியேறியிருப்பது தெரிந்தது. பல்லிகளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்த பிறகு, 2015 செப்டம்பரில் மூன்றரை டன் தலை வெளியே வந்தது. டெனிஸ் கோட்டு மாட்டிக்கொண்டு இதை மாலைச் செய்தியில் வாசித்திருந்தால், கோகோ கோலாவை நம்பிய கிறிஸ்டியானேகூட இதை நம்பியிருக்க மாட்டார்.